மல்டிகேம் எடிட்ல எஃபெக்ட் எங்க போடணும், ஸ்டெபிலைஸ் எப்ப பண்ணணும்

மூணு கேமரால எடுத்த ரெண்டு மணி நேர மேடை நிகழ்ச்சி. மூணையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தி (சிங்க்), ஒரே மல்டிகேம் கிளிப்பா ஆக்கி, கேமரா மாத்தி மாத்தி கட் பண்ணி, எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சப்ப கையில புடிச்சு எடுத்த கேமராவோட ஷாட் எல்லாம் ரொம்ப ஆடுற மாதிரி தெரிஞ்சுது, சரின்னு டைம்லைன்ல அந்தத் துண்டு ஒவ்வொண்ணு மேலயும் ஆட்டத்தைக் குறைக்குற வார்ப் ஸ்டெபிலைசர் எஃபெக்ட்டை இழுத்துப் போட்டு அனலைஸ் ஆக விட்டுட்டேன். அப்புறம் திரும்பப் பாக்கும்போது ரெண்டு மூணு இடத்துல வைட் ஷாட்டே நல்லா இருக்கும்னு தோணி ஆங்கிளை, அதாவது எந்தக் கேமரா தெரியணும்ங்கறதை, மாத்தினேன். எக்ஸ்போர்ட் பண்ணிக் குடுத்த பிறகுதான் தெரிஞ்சுது, ட்ரைபாட்ல அசையாம நின்ன வைட் ஷாட் அங்கங்க மிதக்குது, பின்னாடி இருக்குற திரை தண்ணிக்குள்ள இருக்குற மாதிரி நெளியுது.

காரணம் ரொம்ப சிம்பிள். மல்டிகேம் கிளிப்ல நீங்க போடுற எஃபெக்ட் டைம்லைன்ல இருக்குற அந்தத் துண்டோட ஒட்டிக்கும், கேமராவோட ஒட்டாது. ஆங்கிளை 2ல இருந்து 1க்கு மாத்தினா படம் மாறும், மேல உக்காந்திருக்குற எஃபெக்ட் அப்படியே இருக்கும். கை கேமராவோட ஆட்டத்தைச் சரி பண்ண போட்ட கணக்கை ட்ரைபாட் ஷாட் மேல ஓட்டினா அது ஆடத்தானே செய்யும்.

அன்னைல இருந்து நான் ஒரே ஒரு விஷயத்தைப் புடிச்சுக்கிட்டேன். ஒரு கேமரா முழுக்க வேணும்ங்கற எஃபெக்ட் மல்டிகேமுக்கு உள்ள போகணும். ஒரு துண்டுக்கு மட்டும் வேணும்ங்கறது கட் முடிஞ்ச பிறகு வெளிய போகணும். ஸ்டெபிலைசர் கிட்டத்தட்ட எப்பவுமே ரெண்டாவது ரகம். கீழ சொல்றது பெரும்பாலும் பிரீமியர் ப்ரோவை வெச்சு, ரிசால்வ், ஃபைனல் கட் பத்தி கடைசிப் பக்கமா சொல்றேன்.

மொதல்ல சிங்க்

சிங்க் சரியில்லாம எஃபெக்ட் பக்கம் போகவே கூடாது, ஏன்னா அப்புறம் நகர்த்தினா பண்ணின வேலை எல்லாம் திரும்பப் பண்ணணும். போன்ல எடுத்த ஃபுட்டேஜ் இருந்தா அது பெரும்பாலும் வேரியபிள் ஃப்ரேம் ரேட் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம்ங்கறது மாறிக்கிட்டே இருக்கும்), ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகும், அதை ஹேண்ட்பிரேக் இல்லன்னா ஷட்டர் என்கோடர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்டா மாத்திட்டு உள்ள கொண்டு வாங்க. 29.97ல எடுத்ததைத் தவறி 30ன்னு இன்டர்ப்ரெட் பண்ணிட்டாலும் இதே கதைதான், ஒரு மணி நேரத்துல 3.6 செகண்ட் விலகிடும்.

ஆடியோவை வெச்சு சிங்க் பண்றவங்க இன்னொண்ணும் கவனிங்க. சத்தம் செகண்டுக்கு சுமாரா 340 மீட்டர்தான் போகும், அதனால மேடையில இருந்து 34 மீட்டர் தள்ளி பின்னாடி நிக்குற கேமரால சத்தம் 0.1 செகண்ட் லேட்டா பதிவாகும், 25 எஃப்பிஎஸ்ல அது ரெண்டரை ஃப்ரேம். சாஃப்ட்வேர் சத்தத்தை சத்தத்தோட பொருத்தும்போது அந்தக் கேமராவோட படம் ரெண்டரை ஃப்ரேம் முன்னாடி வந்து நிக்கும். பாடுறவங்க க்ளோஸ் அப்புல வாய் அசைவு ஒட்டலன்னா மொதல்ல இங்கதான் பாக்கணும், உள்ள போயி அந்த ட்ராக்கை ரெண்டு மூணு ஃப்ரேம் பின்னாடி தள்ளிப் பாருங்க.

கேமராவுக்குப் பொதுவானதை உள்ள போடுங்க

டைம்லைன்ல இருக்குற மல்டிகேம் கிளிப்பை கன்ட்ரோல் புடிச்சுக்கிட்டு டபுள் கிளிக் பண்ணுங்க, மேக்ல கமாண்ட். உள்ள இருக்குற சீக்வென்ஸ் (தனி டைம்லைன்) திறக்கும், ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு ட்ராக்ல முழு நீளத்துக்கும் படுத்திருக்கும். ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர், லாக் ஃபுட்டேஜா (வெளிறின மாதிரி பதிவாகுறது) இருந்தா அதுக்கான லட் (அந்தக் கலரை மாத்திக் குடுக்குற ரெடிமேட் ஃபைல்), அகல லென்ஸோட வளைவைச் சரி பண்றது, சாஞ்சு நின்ன ட்ரைபாடை ஒரு டிகிரி திருப்பி நேராக்குறது, இதெல்லாம் இங்க ஒரு தடவை பண்ணினா போதும், வெளிய அந்தக் கேமரா எத்தனை நூறு தடவை வந்தாலும் எல்லாத்துலயும் இருக்கும். ஆங்கிள் மாத்தினாலும் கூடவே சரியான கலர் வரும்.

கலர் மேட்ச் பண்ணும்போது எல்லா கேமராவையும் ஒரே நேரத்துல நல்லா ஆக்கப் பாக்காதீங்க, அது முடியாது. இருக்குறதுலயே நல்லா இருக்குற கேமரா ஒண்ணை வழிகாட்டியா வெச்சுக்கிட்டு மத்ததை அதுகிட்ட இழுத்துட்டு வாங்க. ஒரே ஆள் ஒரே வெளிச்சத்துல மூணு கேமராலயும் தெரியுற ஒரு நொடியைப் புடிச்சு, சிவப்பு, பச்சை, நீலம் மூணையும் தனித்தனி கிராஃபா காட்டுற ஆர்ஜிபி பரேட்ல கருப்பு, வெள்ளை மட்டம் ஒட்டுதான்னு பாருங்க, அப்புறம் நிறத்தை வட்டத்துல காட்டுற வெக்டார்ஸ்கோப்ல முகத்தோட நிறம் ஸ்கின் டோன் கோட்டுகிட்ட வருதான்னு பாருங்க. கண்ணை மட்டும் நம்பினா அரை மணி நேரத்துல கண்ணு பழகிப்போயி பச்சையும் சரியாத்தான் தெரியும்.

அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (கீழ இருக்குற எல்லாத்துக்கும் சேத்து எஃபெக்ட் குடுக்குற காலி லேயர்) மல்டிகேம் மேல போட்டு கலர் மேட்ச் பண்ணப் பாக்குறவங்க நெறைய பேரு. அது எல்லா கேமராவையும் ஒரே மாதிரி மாத்தும், வித்தியாசம் அப்படியே தான் இருக்கும். மேட்ச் எல்லாம் முடிஞ்ச பிறகு மொத்த படத்துக்கும் ஒரு லுக் குடுக்கணும்னா அப்ப அது சரியான இடம்.

ஸ்டெபிலைஸ் பண்றதுக்கு முன்னாடி கட் முடிச்சிருங்க

"எஃபெக்ட் உள்ள போடலாம்னா ஸ்டெபிலைசரையும் உள்ளயே போட்டுட வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. போடலாம், ஆனா ரெண்டு மணி நேரக் கிளிப் முழுசையும் ஃப்ரேம் ஃப்ரேமா அலசும், அதுல நீங்க யூஸ் பண்ணப் போறது இருபது நிமிஷம் கூட இருக்காது. அதை விடப் பெரிய பிரச்சினை ஸூம். ஸ்டெபிலைசர் படத்தை நகர்த்தும்போது ஓரத்துல கருப்பு தெரியும், அதை மறைக்க பெருசாக்கும். முழுக் கிளிப்ல எங்கயோ ஒரு இடத்துல கேமராமேன் தடுக்கிட்டார்னா அந்த ஒரு குலுக்கலுக்காக முழுக் கிளிப்பும் பெருசாகும், நல்லா இருந்த ஷாட்டும் சேந்து தரம் இழக்கும்.

அதனால நான் பண்றது இதுதான். ஷிஃப்ட் 0 அடிச்சு மல்டிகேமரா வியூவைத் திறந்து, ஓட விட்டு, 1, 2, 3ன்னு அடிச்சு கட் பண்ணிடுவேன். திரும்ப ஒரு ரவுண்டு பாத்து ஆங்கிள் மாத்தி, நீளம் சரி பண்ணி, இனிமே மாத்த மாட்டோம்னு ஆன பிறகு சீக்வென்ஸை டூப்ளிகேட் பண்ணி வெச்சுக்குவேன். பழையதுல கை வைக்கறது இல்ல. புதுசுல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரைட் கிளிக், மல்டிகேமரா, ஃப்ளாட்டன். இப்ப டைம்லைன்ல இருக்குறது ஒரிஜினல் கேமரா கிளிப், ஆங்கிள் மாறுற பேச்சே இல்ல. ஃப்ளாட்டன் ஆனதும் உள்ள போட்ட கலர் கூட வந்திருக்கான்னு உடனே பாருங்க, வரலன்னா உள்ள இருக்குற கிளிப்பைக் காபி பண்ணி, அந்தக் கேமராவோட துண்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் (எஃபெக்ட்டை மட்டும் ஒட்டுறது) குடுங்க.

அப்புறம் எல்லாத்தையும் ஸ்டெபிலைஸ் பண்ணாதீங்க. ட்ரைபாட் ஷாட்டைத் தொடவே தொடாதீங்க. கை கேமராவோட துண்டுகளை மட்டும் ஒரு லேபிள் கலர் குடுத்துட்டு ஒவ்வொண்ணா ஓட விட்டுப் பாருங்க, ஆட்டம் கண்ணை உறுத்துறது மட்டும் போதும். லேசான ஆட்டம் இருந்தா அது உயிரோட இருக்கும், குறிப்பா ட்ரைபாட் ஷாட்டுக்குப் பக்கத்துல வரும்போது. எல்லாத்தையும் வழவழன்னு ஆக்கினா கை கேமரா எதுக்கு இருந்துச்சுன்னே தெரியாது.

ஒரு ஷாட்டைக் கிட்டப் போயி பாக்கலாம்

எட்டு செகண்ட் ஷாட், கேமராமேன் மேடையோரமா நடந்துக்கிட்டே வயலின் வாசிக்கிறவரைப் புடிக்கிறாரு. வார்ப் ஸ்டெபிலைசரைப் போட்டதும் நீலப் பட்டையில அனலைஸ் ஆகும், அப்புறம் ஆரஞ்சுப் பட்டையில ஸ்டெபிலைஸ் ஆகும். டீஃபால்ட்ல ஸ்மூத்னஸ் 50 சதவீதம், மெத்தட் சப்ஸ்பேஸ் வார்ப், ஃப்ரேமிங்ல ஸ்டெபிலைஸ், க்ராப், ஆட்டோ ஸ்கேல். ஓட விட்டா நடை மெதுவா மிதக்குற மாதிரி ஆகிடுச்சு, ஆனா வயலினோட கழுத்து வளையுது, ஓரத்துல இருக்குற மைக் ஸ்டாண்ட் ரப்பர் மாதிரி இழுபடுது. ஆட்டோ ஸ்கேல் பக்கத்துல காட்டுற நம்பர் 118 சதவீதம்.

இங்க மொதல்ல மாத்த வேண்டியது மெத்தட். சப்ஸ்பேஸ் வார்ப் ஃப்ரேமோட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா இழுத்து நிமித்துறதால தான் அந்த வளைவு. பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன்னு மாத்தினா முழு ஃப்ரேமும் ஒண்ணா நகரும், வளைவு போயிடும். அடுத்தது ஸ்மூத்னஸை 10க்குக் கொண்டு வாங்க, இதுக்குத் திரும்ப அனலைஸ் பண்ண வேண்டியதில்ல, உடனே தெரியும். இப்ப ஆட்டோ ஸ்கேல் 106. நடை இன்னும் கொஞ்சம் தெரியுது, ஆனா அது ஒரு மனுசன் நடந்து எடுத்த ஷாட் மாதிரி இருக்கு, அதுதான் வேணும். பத்து போதலன்னா 15, 20ன்னு ஏத்துங்க, 50ல ஆரம்பிச்சு இறங்குறதை விட கீழ இருந்து ஏறுறது எனக்கு எப்பவும் சீக்கிரம் முடியுது.

ஆள் ஒரே இடத்துல நின்னு கையில புடிச்சு எடுத்திருந்தா ரிசல்ட்ல நோ மோஷன் போட்டுப் பாக்கலாம், ட்ரைபாட் மாதிரி ஆக்கப் பாக்கும். நடந்து போற ஷாட்டுக்கு அதைப் போட்டா வேலைக்காகாது.

ஷாட்டுக்குக் குறுக்க யாராவது நடந்து போனா ஸ்டெபிலைசர் அவங்களையே பின்னணின்னு நெனச்சுப் புடிச்சுக்கிட்டு மொத்த ஃப்ரேமையும் அவங்களோட சேத்து இழுக்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்ல இதே எஃபெக்ட்டுக்கு ஷோ ட்ராக் பாயின்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அந்த ஆள் மேல இருக்குற புள்ளிகளை செலக்ட் பண்ணி டெலீட் பண்ணிட்டா பின்னணியை மட்டும் வெச்சு கணக்குப் போடும். ஃப்ளாஷ் அடிக்கிற இடமும் இப்படித்தான் படுத்தும், ஒரு ஃப்ரேம் முழுக்க வெள்ளையா போனா புடிச்சுக்க எதுவும் இருக்காது. அந்த இடத்துல ட்ரைபாட் கேமராவுக்குக் கட் பண்ணிட்டுப் போறதுதான் நல்லது, அதுக்குத்தானே மல்டிகேம்.

இருட்டுல ஸ்லோ ஷட்டர்ல எடுத்ததும் சரியா வராது. 1/50ல எடுக்கும்போது ஒரு குலுக்கல் வந்தா அந்த ஃப்ரேமே கலங்கிப் பதிவாகியிருக்கும், ஸ்டெபிலைசர் இடத்தைத் தான் சரி பண்ணும், கலங்கலை எடுக்காது. படம் அசையாம நின்னுக்கிட்டே விட்டு விட்டு மங்கித் தெளியும், அது ஆட்டத்தை விட மோசம். அந்த மாதிரித் துண்டுல ஸ்மூத்னஸைக் குறைச்சு ஆட்டத்தை கொஞ்சம் விட்டு வெச்சா கலங்கலுக்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும், உறுத்தாது.

டைமென்ஷன் எரர், ஸ்பீட் எரர்

கிளிப் சைஸும் சீக்வென்ஸ் சைஸும் ஒண்ணா இல்லன்னா வார்ப் ஸ்டெபிலைசர் வேலை செய்யாது, சிவப்புப் பட்டையில சொல்லிடும். ஸ்பீட் மாத்தின கிளிப்லயும் அதே. ரெண்டுக்கும் எல்லாரும் சொல்றது நெஸ்ட் பண்ணுங்கன்னு, அதாவது கிளிப்பை ஒரு சீக்வென்ஸுக்குள்ள போட்டு அதையே ஒரு கிளிப் மாதிரி வெச்சுக்கச் சொல்வாங்க. சரிதான், ஆனா அதுல ஒரு நஷ்டம் ஒளிஞ்சிருக்கு. 4கே கிளிப்பை 1920க்கு 1080 டைம்லைன்ல 50 சதவீதமாக்கி நெஸ்ட் பண்ணினா நெஸ்ட்டும் 1080 தான், அது மேல ஸ்டெபிலைசர் ஸூம் பண்ணும்போது நீங்க 4கேல எடுத்ததோட பலன் அங்கயே போயிடுது.

அதுக்கு பதிலா அந்தக் கிளிப்பை வெச்சே புது சீக்வென்ஸ் ஒண்ணு உருவாக்குங்க, அது 3840க்கு 2160ல இருக்கும். அதுக்குள்ள ஸ்டெபிலைசர் போடுங்க, சைஸ் ஒண்ணுதான், எரர் வராது. அப்புறம் அந்த சீக்வென்ஸையே மெயின் டைம்லைன்ல ஒரு கிளிப் மாதிரி வெச்சு 50 சதவீதமாக்குங்க. உள்ள 15 சதவீதம் பெருசானாலும் வெளிய 1080க்கு இறங்கும்போது தரம் குறையாது. ஸ்லோ மோஷன் வேணும்னா அதையும் வெளிய இந்தக் கிளிப்ல குடுக்கலாம்.

இதுல இன்னொரு நல்லது இருக்கு. கை கேமரால இருந்து ஒரு துண்டு, நடுவுல மூணு செகண்ட் வைட், திரும்ப அதே கை கேமரா, இப்படி வரும்போது ரெண்டு துண்டையும் தனித்தனியா ஸ்டெபிலைஸ் பண்ணினா ஒண்ணு 104, இன்னொண்ணு 112ன்னு வரும், ஆளு திடீர்னு கிட்ட வந்த மாதிரி தெரியும். ரெண்டையும் சேத்து நடுவுல இருக்குறதையும் விடாம, முன்னாடி பின்னாடி ஒரு செகண்ட் அதிகமா எடுத்து தனி சீக்வென்ஸ்ல ஒரே தடவை ஸ்டெபிலைஸ் பண்ணிட்டு அதுல இருந்து வெட்டி எடுங்க. ஸ்கேல் ஒண்ணா இருக்கும், வெளிய ட்ரிம் பண்ணினாலும் திரும்ப அனலைஸ் கேக்காது, டிசால்வ் போட இடமும் இருக்கும்.

எது மேல எது

எஃபெக்ட் கன்ட்ரோல்ஸ்ல மேல இருந்து கீழ வரிசையா தான் ஓடும், அதனால வரிசை முக்கியம். லென்ஸ் வளைவைச் சரி பண்றது, நாய்ஸ் ரிடக்ஷன் ரெண்டும் ஸ்டெபிலைசருக்கு மேல. ஷார்ப்பன், விக்னெட், ஃபிலிம் க்ரெய்ன், எழுத்து எல்லாம் அதுக்குக் கீழ இல்லன்னா அதுக்கு அடுத்த லேயர்ல. விக்னெட்டை ஸ்டெபிலைசருக்கு முன்னாடி போட்டுப் பாருங்க, படம் நிக்கும், ஓரத்துல இருக்குற இருட்டு மட்டும் அங்கயும் இங்கயும் அலையும். ஒரு தடவை பாத்தீங்கன்னா மறக்க மாட்டீங்க.

ப்ராக்ஸி (ஒரிஜினலோட லேசான காபி) வெச்சு எடிட் பண்றவங்க அனலைஸ் பண்ற நேரத்துல ப்ராக்ஸியை ஆஃப் பண்ணிட்டு ஒரிஜினல்ல ஓட்டுங்க. முடிஞ்ச துண்டை ரெண்டர் அண்ட் ரிப்ளேஸ் குடுத்து ப்ரோரெஸ் 422 இல்லன்னா டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் ஹெச்க்யூல மாத்திட்டா டைம்லைன் லேசாகிடும், வேணும்னா ரெஸ்டோர் அன்ரெண்டர்ட் குடுத்து பழையபடி திரும்பிக்கலாம்.

மத்த சாஃப்ட்வேர்ல

டாவின்சி ரிசால்வ்ல மல்டிகேம் கிளிப்பை ரைட் கிளிக் பண்ணி ஓப்பன் இன் டைம்லைன் குடுத்தா உள்ள ஆங்கிள் எல்லாம் வரும், அப்படியே கலர் பேஜ் போனா ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கிரேட் குடுத்துடலாம். கட் முடிஞ்சதும் ஃப்ளாட்டன் மல்டிகேம் கிளிப். ஸ்டெபிலைசேஷன் இன்ஸ்பெக்டர்லயே இருக்கு, பர்ஸ்பெக்டிவ், சிமிலாரிட்டி, ட்ரான்ஸ்லேஷன்னு மூணு மோட். பர்ஸ்பெக்டிவ் வளைச்சா சிமிலாரிட்டி, அதுவும் ஒத்து வரலன்னா ட்ரான்ஸ்லேஷன்னு இறங்கி வாங்க. கேமரா லாக் டிக் பண்ணினா ட்ரைபாட் மாதிரி நிறுத்தப் பாக்கும். ஃபைனல் கட்ல மல்டிகேம் கிளிப்பை டபுள் கிளிக் பண்ணினா ஆங்கிள் எடிட்டர், கேமராவுக்குப் பொதுவானதை அங்க. ஸ்டெபிலைசேஷன்ல ஆட்டோமேட்டிக்கை விட்டுட்டு இனர்ஷியாகேம், ஸ்மூத்கேம் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க, ஷாட்டுக்கு ஷாட் எது ஒத்து வருதுன்னு மாறும்.

ஆக்ஷன் கேமரா, கைரோ டேட்டாவைப் பதிவு பண்ற கேமரா இருந்தா கைரோஃப்ளோன்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஓப்பன் சோர்ஸ். படத்தைப் பாத்து கணிக்காம, எடுக்கும்போது கேமரா எப்படி அசைஞ்சுதுங்கற சென்சார் கணக்கை வெச்சே சரி பண்ணும், அதனால குறுக்க யார் போனாலும் ஃப்ளாஷ் அடிச்சாலும் அதுக்குக் கவலை இல்ல. ஆனா எடுக்கும்போது கேமரால இருக்குற எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணியிருக்கணும். ரிசால்வ் வெச்சிருக்குறவங்க அதோட ஓப்பன்எஃப்எக்ஸ் ப்ளக்இன்னை நேரா கிளிப்ல போட்டுக்கலாம். தனியா ரெண்டர் பண்ணித்தான் கொண்டு வருவேன்னா சிங்க் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க, ஃப்ரேம் ரேட், நீளம், ஆடியோ மூணும் ஒரிஜினல் மாதிரியே இருக்கான்னு பாத்துட்டு மல்டிகேம்குள்ள விடுங்க.

எக்ஸ்போர்ட் குடுக்குறதுக்கு முன்னாடி லேபிள் கலர் போட்ட துண்டுகளை மட்டும் ஒரு தடவை முழு ஸ்க்ரீன்ல, நூறு சதவீதத்துல ஓட விட்டு நாலு ஓரத்தையும் பாருங்க. வளைவு, கருப்புக் கோடு, மிதப்பு எல்லாம் அங்கதான் மொதல்ல தெரியும், நடுவுல இருக்குற முகத்தையே பாத்துக்கிட்டிருந்தா கண்ணுல படாது.